மூணாவது குழாய்: ஆர்.ஓ. வந்த கதை

உங்க வீட்டு அடுப்படியில் எத்தனை குழாய் இருக்குன்னு எண்ணிப் பாருங்க. பாத்திரம் கழுவ ஒண்ணு. கெய்சர் இருந்தால் சுடுதண்ணிக்கு இன்னொண்ணு. அப்புறம் சுவத்துல மாட்டியிருக்கிற வெள்ளைப் பெட்டிக்குக் கீழே பென்சில் தடிமனுக்கு ஒரு குட்டிக் குழாய். குடிக்கிறது, சமைக்கிறது எல்லாம் அந்தக் குட்டிக் குழாய்லேருந்துதான்.

இந்த மூணாவது குழாய் நம்ம பக்கம் பரவலா வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா வீட்டுக்கு வீடு மூணு குழாய் வச்சிருந்த ஊர் ஒண்ணு அமெரிக்காவுல 1950களிலேயே இருந்தது. வசதி ஜாஸ்தியாகி வச்சுக்கிட்டது கிடையாது, குடிக்கத் தண்ணி இல்லாமத்தான். ஆர்.ஓ. எந்திரம் முதன்முதலா ஊருக்குத் தண்ணி கொடுத்ததும் அதே ஊர்லதான். வீட்டுல ஒரு ஆர்.ஓ. மாட்டப் போறீங்கன்னா, எந்தக் கம்பெனி, என்ன விலை, எத்தனை லிட்டர்னு விசாரிக்கிறதோட இந்தக் கதையையும் ஒரு தடவை படிச்சுடுங்க. பெட்டிக்குள்ள என்ன இருக்கு, அது ஏன் இவ்வளவு தண்ணியை வெளிய விடுது, யார் காசுல அது உருவாச்சு எல்லாம் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கு.

உப்புத்தண்ணியும் நல்லதண்ணியும்

குடிக்கிற தண்ணியைத் தனியா வைக்கிறது நமக்குப் புதுசு கிடையாது. எந்த கிராமத்துல கேட்டாலும் "நல்லதண்ணிக் கிணறு", "உப்புத்தண்ணிக் கிணறு"ன்னு ரெண்டு சொல்வாங்க. குளிக்க, துவைக்க, மாட்டுக்கு உப்புத்தண்ணி. குடிக்க, பருப்பு வேக வைக்க நல்லதண்ணி. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஊருணி. மழைத்தண்ணி தேங்குற இடம், அதுல கால் வைக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாதுன்னு ஊர்க் கட்டுப்பாடு இருக்கும்.

வீட்டுக்குள்ள தண்ணியைச் சுத்தம் பண்ணவும் வழி இருந்தது. கலங்கல் தெளியத் தேத்தாங்கொட்டையை உரசுவாங்க. வெள்ளைத் துணியில வடிகட்டுவாங்க. கொதிக்க வைப்பாங்க. செம்புக் குடத்துல ஊத்தி வைப்பாங்க. அப்புறம் மெழுகுவத்தி மாதிரி கேண்டில் வச்ச எவர்சில்வர் ஃபில்டர் வந்தது. 1980களில் புற ஊதாக் கதிர் அடிக்கிற மெஷின் வந்தது.

இத்தனைக்கும் நடுவுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. இதெல்லாம் கலங்கலைப் போக்கும், கிருமியைக் கொல்லும். கரைஞ்ச உப்பை மட்டும் ஒண்ணும் பண்ணாது. உப்புத்தண்ணியைக் கொதிக்க வச்சால் ஆவிதான் போகும், மிச்சம் இருக்கிறது இன்னும் உப்பாகும். அதனாலதான் உப்புத்தண்ணிக் கிணறு காலங்காலமா உப்புத்தண்ணிக் கிணறாவே இருந்தது. அதை வீட்டுக்குள்ளேயே நல்லதண்ணியா மாத்தலாம்னு சொல்லிக்கிட்டு வந்த முதல் சாமான் ஆர்.ஓ.தான். அந்தப் பெட்டிக்கு வந்த மவுசுக்கு விளம்பரம் மட்டும் காரணம் கிடையாது.

ஊறுகாய்ப் பாடம்

ஆர்.ஓ.ன்னா ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ். பள்ளிக்கூடத் தமிழ்ல எதிர் சவ்வூடு பரவல். பயப்படாதீங்க, சமையல்கட்டுலேயே தெரிஞ்ச விஷயம்தான். நறுக்கின மாங்காய்ல உப்பைப் போட்டு வச்சால் கொஞ்ச நேரத்துல தண்ணி விட்டுக்கும். உலர்திராட்சையைத் தண்ணியில போட்டால் உப்பிக்கும். ரெண்டுலயும் நடக்கிறது ஒண்ணுதான். நடுவுல ஒரு சவ்வு இருக்கு. அது தண்ணியை விடும், அதுல கரைஞ்சதைச் சுலபமா விடாது. அப்போ நீர்த்த பக்கத்துலேருந்து அடர்த்தியான பக்கத்துக்குத் தண்ணி தானாப் போகும்.

இதை முதன்முதலா சோதனை செஞ்சு எழுதி வச்சவர் பிரான்ஸ் நாட்டு பாதிரியார் ழான் அந்துவான் நொல்லே. வருஷம் 1748. ஒரு குப்பியில சாராயத்தை ஊத்தி, வாயைப் பன்றியோட மூத்திரப்பையால இறுக்கிக் கட்டி, தண்ணிக்குள்ள வச்சார். கொஞ்ச நேரத்துல அந்தப் பை மேல பார்த்து உப்பிக்கிட்டு வந்தது. ஊசியால ஒரு குத்து. உள்ளே இருந்தது பீச்சி அடிச்சது. தண்ணி தானா உள்ளே போயிருக்கு!

1820களில் பிரான்ஸின் துத்ரோஷே இதை விரிவா ஆராய்ஞ்சு பேர் வச்சார். 1877ல் ஜெர்மனியில தாவரவியல் அறிஞர் பெஃபர் இந்த அழுத்தத்தை அளந்தார். அந்த அளவுகளை வச்சு கணக்குப் போட்டவர் ஹாலந்துக்காரர் வாண்ட் ஹாஃப். 1901ல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான் போச்சு.

அந்தக் கணக்குலேருந்து நமக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்பு இருக்கிற தண்ணியோட சவ்வூடு அழுத்தம், தோராயமா சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ. கடல் தண்ணியில 35,000 மில்லிகிராம் இருக்கும், அதுக்கு 25 கிலோவுக்கு மேல. இதைவிட அதிகமா உப்புப் பக்கத்துலேருந்து அழுத்தினால், தண்ணி போற திசை தலைகீழாத் திரும்பும். உப்பு இந்தப் பக்கம் நின்னுடும், நல்லதண்ணி அந்தப் பக்கம் போகும். ரிவர்ஸ்ங்கிற வார்த்தைக்கு அவ்வளவுதான் அர்த்தம். உங்க வீட்டுப் பெட்டிக்குச் சின்ன பம்ப்பு போதும், கடற்கரை ஆலைக்கு ராட்சச பம்ப்பு வேணும்கிறதும் இதனாலதான்.

தத்துவம் தெரிஞ்சும் வேலைக்கு ஆகலை. அந்த அழுத்தத்தைத் தாங்கி, உப்பை நிறுத்தி, தண்ணியை மட்டும் விடுற சவ்வு கையில இல்லை.

படலத்தைத் திருப்பிப் போட்ட கதை

இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அமெரிக்காவுக்குத் தண்ணிக் கவலை வந்தது. 1952ல் உப்புநீரைக் குடிநீராக்கும் ஆராய்ச்சிக்குன்னே ஒரு சட்டம் போட்டு அரசாங்கமே பணம் ஒதுக்கியது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ரீடும் அவருடன் பிரெட்டனும் கிடைச்ச பிளாஸ்டிக் படலத்தை எல்லாம் சோதிச்சுப் பார்த்தாங்க. செல்லுலோஸ் அசிடேட் என்ற படலம் உப்பை நல்லாவே நிறுத்துச்சு. ஃபோட்டோ ஃபிலிம் செய்யப் பயன்பட்ட அதே பொருள்தான். ஆனா தண்ணி? சொட்டு, சொட்டு, அதுவும் எப்பவோ ஒரு சொட்டு. ஒரு டம்ளர் பிடிக்கப் பொழுது போயிடும்.

அதே நேரம் லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சாமுவேல் யூஸ்டர் என்ற பேராசிரியர் இதே ஆராய்ச்சியில் இறங்கியிருந்தார். அவர்கிட்ட வேலை செஞ்ச ரெண்டு பேர்: சிட்னி லோப், ஸ்ரீநிவாச சௌரிராஜன்.

சௌரிராஜன்! பேரைக் கேட்டதும் திருக்கண்ணபுரம் பெருமாள் ஞாபகம் வருதா? அதே பேர்தான். இந்தியாவில் பிறந்து அமெரிக்கா போன வேதியியல் அறிஞர். ஆர்.ஓ.ன்னதும் நமக்கு நடிகைகள் வர்ற விளம்பரம் ஞாபகம் வருது, இவர் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்?

யூஸ்டர் 1958ல் இறந்துபோனார். லோபும் சௌரிராஜனும் விடலை. கடையில விக்கிற செல்லுலோஸ் அசிடேட் வடிகட்டிப் படலத்தை வாங்கி, சுடுதண்ணியில சூடுபடுத்திச் சோதிச்சாங்க. ஒரு சமயம் உப்பு நல்லா நின்னது. இன்னொரு சமயம் அதே படலம் உப்பைக் கோட்டை விட்டது. ஏன்? பார்த்தால், படலத்தை எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி வச்சோம்கிறதுலதான் விஷயம். ஒரு பக்கம் வச்சால் வேலை செய்யுது, திருப்பி வச்சால் செய்யலை. பார்வைக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கு, ஆனா ஒரு பக்கத்துல நெருக்கமான மெல்லிய தோல், அதுக்குக் கீழே பஞ்சு மாதிரி ஓட்டை நிறைஞ்ச தாங்கி.

நம்ம இட்லி ஊத்துற துணியும் தட்டும் மாதிரின்னு வச்சுக்கங்களேன். மாவைப் பிடிச்சு நிறுத்துறது துணி. கனத்தைத் தாங்குறது ஓட்டை போட்ட தட்டு. முழுசும் கனமான துணியா இருந்தால் ஆவி மேல வராது, தட்டு இல்லாமல் துணி மட்டும் இருந்தால் தொங்கிப்போகும்.

இந்தச் சூட்சுமம் பிடிபட்டதும் அந்த மாதிரிப் படலத்தைத் தாங்களே செய்ய ஆரம்பிச்சாங்க. அசிடோனும் மெக்னீசியம் பெர்குளோரேட்டும் கலந்த கரைசலை மெல்லிசாப் பரப்பி, ஐஸ் தண்ணியில முக்கி, அப்புறம் சூடுபடுத்தி எடுத்தாங்க. தண்ணி வரத்து முன்னை விட பத்து மடங்குக்கு மேல கூடிடுச்சு, உப்பும் நின்னது. இது நடந்தது 1959-60ல். காப்புரிமை 1964ல் கிடைச்சது. சௌரிராஜன் அப்புறம் கனடா போய் ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ரொம்ப வருஷம் இதே துறையில் இருந்தார். 1970ல் அவர் எழுதின புத்தகத்தோட பேரே 'ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ்'.

ரயில்ல தண்ணி குடிச்ச ஊர்

இப்ப அந்த மூணு குழாய் ஊருக்கு வருவோம். பேர் கோலிங்கா. கலிஃபோர்னியாவின் நடுப்பகுதியில் இருக்கிற எண்ணெய்க் கிணற்று ஊர். ரயில் எஞ்சின்களுக்குக் கரி போடுற இடமா இருந்ததால 'கோலிங் ஸ்டேஷன் ஏ'ன்னு பேர், அதுவே வாயில தேஞ்சு கோலிங்கா ஆயிடுச்சுன்னு சொல்வாங்க. (நம்ம ஊர் பேரெல்லாம் வெள்ளைக்காரன் வாயில பட்ட பாட்டுக்கு இது தேவலை.)

ஊர்ல எண்ணெய் இருந்தது, குடிக்கத் தண்ணி இல்லை. நிலத்தடி நீர்ல லிட்டருக்கு 2000 மில்லிகிராமுக்கு மேல உப்பு. அதனால குடிதண்ணி வெளியூர்லேருந்து ரயில் தொட்டிகளில் வந்தது. வீட்டுல சுடுதண்ணிக்கு ஒரு குழாய், உள்ளூர் உப்புத்தண்ணிக்கு ஒண்ணு, ரயில்ல வந்த நல்லதண்ணிக்கு மூணாவதா ஒண்ணு.

ரயில்ல தண்ணியான்னு ஆச்சரியப்பட வேண்டாம். 2019 ஜூலை மாசம் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்ல சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணி வந்து இறங்கினதை நாமே டிவியில பார்த்தோமே!

கோலிங்காவில் 1959ல் மின்சாரத்தால உப்பைப் பிரிக்கும் வேறொரு வகை எந்திரத்தை வச்சாங்க. அதோட ரயில் தண்ணி தேவைப்படலை. அந்த மாதிரி ஊர்தானே புது ஐடியாவைச் சோதிக்கத் தோதான இடம்? 1965 ஜூனில் லோபும் சகாக்களும் தங்கள் படலத்தைக் குழாய் குழாயாகச் செஞ்சு ஒரு ஆலையை அங்கே ஓட விட்டாங்க. ஒரு நாளைக்கு 5000 காலன், அதாவது சுமார் 19,000 லிட்டர். நம்ம கணக்குல ரெண்டு தண்ணி லாரி கூட நிறையாது. ஆனா ஒரு ஊர் ஆர்.ஓ. தண்ணியைக் குடிச்சது அதுதான் முதல் தடவை.

அப்புறம் என்ன ஆச்சு? இங்கேதான் கதையில் திருப்பம். 1970களில் கோலிங்காவுக்குக் கால்வாய்த் தண்ணி வந்தது. தூரத்து ஆத்துத் தண்ணியை அரசாங்கம் வெட்டின கால்வாய் கொண்டாந்து சேர்த்தது. உப்பெடுக்குற எந்திரங்களுக்கு வேலை போச்சு, தனிக் குடிநீர்க் குழாய்க்கும் வேலை போச்சு. ஆர்.ஓ. பிறந்த ஊரே, நல்லதண்ணி வந்ததும் ஆர்.ஓ.வை ஓரமா வச்சுடுச்சு!

லோப் பின்னாடி இஸ்ரேலுக்குப் போய் அங்கேயும் பாலைவனத்து உப்புத்தண்ணிக்கு ஆலை அமைக்க உதவினார். 2008ல் காலமானார்.

பாய் மாதிரி சுருட்டு

கோலிங்காவில் ஓடின சாமானை வீட்டு அடுப்படியில் மாட்ட முடியாது, இடத்தை அடைக்கும். அதைச் சின்னதாக்க ரெண்டு காரியம் நடந்தது.

ஒண்ணு, படலத்தைச் சுருட்டினது. 1960களில் சான் டியாகோவில் ஜெனரல் அட்டாமிக் நிறுவனத்தில் படலம், அதுக்கு நடுவுல வலை, மறுபடி படலம்னு அடுக்கி, நடுவுல ஓட்டை போட்ட ஒரு குழலைச் சுத்திப் பாய் மாதிரி சுருட்டினாங்க. பழைய மெம்பரேனைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கத்தியால கிழிச்சுப் பாருங்க. உள்ளே அந்தப் பாய் அப்படியே விரியும்.

ரெண்டாவது, படலமே மாறினது. மின்னியாபொலிஸில் ஜான் காடட் என்பவர் செல்லுலோஸ் அசிடேட்டைத் தள்ளிட்டு, ஒரு தாங்கி மேல பாலிஅமைடுன்னு ஒரு மெல்லிய பூச்சை வர வச்சார். ரெண்டு ரசாயனம் சந்திக்கிற இடத்துல மட்டும் பால் ஆடை படியற மாதிரி படியும் பூச்சு. கனம் ஒரு மில்லிமீட்டர்ல ஐயாயிரத்துல ஒரு பங்குதான். அழுத்தம் குறைச்சலாப் போதும், உப்பு இன்னும் நல்லா நிக்கும். 1977ல் ஃபில்ம்டெக் என்ற கம்பெனி ஆரம்பிச்சாங்க, 1981ல் காப்புரிமை, 1985ல் டவ் கம்பெனி அதை வாங்கிக்கிட்டது. இன்னிக்கு வீட்டு ஆர்.ஓ.வில் இருக்கிற மெம்பரேன் பெரும்பாலும் இந்தப் பரம்பரைதான்.

இதுல ஒரு வழக்கும் நடந்தது. ஃபில்ம்டெக், போட்டிக் கம்பெனியான ஹைட்ராநாட்டிக்ஸ் மேல காப்புரிமை வழக்குப் போட்டது. 1992ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொல்லுச்சு தெரியுமா? இந்த யோசனை பிறந்தபோது காடட் அரசாங்கப் பணத்துல நடந்த ஆராய்ச்சியில் இருந்தார், அதனால இதன் உரிமை அமெரிக்க அரசாங்கத்தோடதுன்னு சொல்லிடுச்சு. உப்புநீரைக் குடிநீராக்க மக்கள் வரிப்பணத்தை ஒதுக்கின சட்டத்துலேயே அந்த ஷரத்து இருந்தது.

நம்ம ஊருக்கு வந்த விதம்

இந்தியாவிலும் முதல்ல இது பொதுக் காரியமாத்தான் வந்தது. பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையமும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் சொந்தமா மெம்பரேன் செஞ்சாங்க. ராமநாதபுரம் மாவட்டம் நரிப்பையூரில் 1990களின் கடைசியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. சென்னைக்கு மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010லும், நெம்மேலியில் 2013லும் தினம் 10 கோடி லிட்டர் ஆலைகள் வந்தன. நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொண்ணு 2024ல் திறந்தாங்க.

வீட்டுப் பெட்டி வந்தது வேற வழியில. 2000களின் தொடக்கத்தில் சென்னையில் இருந்தவங்களுக்கு 2003, 2004 மறக்காது. ஏரி வறண்டு, லாரித் தண்ணிக்குக் குடத்தை வரிசை வச்சு, போர்வெல் ஆழத்தை நூறு நூறு அடியாக் கூட்டிக்கிட்டே போன காலம். 2003ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. 2004ல் வீராணம் தண்ணி வந்தது. ஆனா புறநகர்ல புதுசு புதுசா முளைச்ச அடுக்குமாடிகளுக்குக் குழாய் போகலை, போர்தான் கதி. ஆழம் போகப் போக உப்பு. பக்கெட்ல வெள்ளைப் படிவு, குக்கர் அடியில சுண்ணாம்பு, தலைமுடி கயிறு மாதிரி. முதல்ல கேன் தண்ணி வாங்கினோம். அப்புறம் கேன் தூக்க ஆள் வரலைன்னு பெட்டி மாட்டினோம்.

பெட்டியைத் திறந்தால்

எங்க வீட்டுல மாட்டினப்போ டெக்னீஷியன் தம்பி பொறுமையா எல்லாத்தையும் காட்டினார். வரிசையாச் சொல்றேன், மாட்டப் போறவங்களுக்கு உதவும்.

தண்ணி முதல்ல மண், துரு நிறுத்துற செடிமென்ட் ஃபில்டருக்குப் போகும். அடுத்து கார்பன் ஃபில்டர். இது வாடைக்கு மட்டும் கிடையாது. குளோரின் பட்டால் பாலிஅமைடு மெம்பரேன் கெட்டுப்போகும், பழைய செல்லுலோஸ் அசிடேட்டாவது ஓரளவு தாங்கும். கார்ப்பரேஷன் தண்ணி வர்ற வீட்டுல கார்பனை நேரத்துக்கு மாத்தலைன்னா மெம்பரேன் போச்சுன்னு அர்த்தம். அப்புறம் 24 வோல்ட் பம்ப்பு, அதுதான் அழுத்தம் கொடுக்கிறது. பிறகு மெம்பரேன். அதுலேருந்து ரெண்டு வழி. ஒண்ணு நல்லதண்ணி, டேங்குக்குப் போகும். இன்னொண்ணு உப்பு சேர்ந்த கழிவுத்தண்ணி, ஒரு சின்ன தடுப்பு வழியா வெளியே போகும்.

அந்தத் தடுப்பைக் கழட்டிடலாமே, தண்ணி மிச்சமாகுமேன்னு சிலர் கேக்கறாங்க. கழட்டினால் அழுத்தமே சேராது. ஒரேயடியா அடைச்சுட்டால் உப்பு உள்ளேயே சேர்ந்து மெம்பரேன் மேல சுண்ணாம்பாப் படிஞ்சு அடைச்சுக்கும். கழிவு இல்லாம ஆர்.ஓ. கிடையாது, அது அதோட பிறவிக் குணம்.

கழிவு எவ்வளவுன்னு பக்கெட் வச்சுப் பிடிச்சுப் பார்த்தேன். எங்க பெட்டியில ஒரு லிட்டர் நல்லதண்ணிக்கு மூணு லிட்டர் வெளிய. நாலு பேர் வீட்டுல குடிக்க, சமைக்க நாளைக்கு 20 லிட்டர்னு வைங்க. கழிவு 60 லிட்டர், நாலு குடம். வருஷத்துக்கு 21,900 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில கிட்டத்தட்ட ரெண்டு லாரி! ஒரு வீட்டுக்கு ரெண்டு லாரின்னா, 100 வீடு இருக்கிற அடுக்குமாடிக்கு எவ்வளவுன்னு நீங்களே போட்டுக்கங்க. அதே அடுக்குமாடி கோடையில லாரிக்குக் காசு கட்டும்.

ஆனா அந்தத் தண்ணி பார்க்கிற அளவுக்கு மோசம் கிடையாது. எங்க போர்ல மீட்டர் 1400 காட்டுச்சு. நல்லதண்ணியில 90. நாலு லிட்டர்ல இருந்த உப்பு 5600 மில்லிகிராம், அதுல 90 போக மிச்சம் மூணு லிட்டர்ல பிரிஞ்சால் லிட்டருக்கு சுமார் 1840. ஏற்கெனவே 1400ல் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தவங்களுக்கு 1840ல் என்ன வந்தது? கழிவுக் குழாயை சிங்க்ல விடாம ஒரு டிரம்முல விடச் சொல்லுங்க. வீடு துடைக்க, பாத்ரூம் கழுவ, முதல் தடவை பாத்திரம் அலச அதுவே போதும். செடிக்கு மட்டும் தினமும் ஊத்தாதீங்க, மண்ணுல உப்பு சேர்ந்துடும்.

இன்னொரு விஷயம், விக்க வர்றவங்க காட்டுற வித்தை. ரெண்டு டம்ளர்ல தண்ணி, ஒண்ணுல உங்க குழாய்த் தண்ணி, ஒண்ணுல ஆர்.ஓ. தண்ணி. கம்பி வச்ச ஒரு கருவியை நட்டு கரண்ட் விடுவாங்க. உங்க தண்ணி பழுப்பா, திரிதிரியா ஆயிடும். "பார்த்தீங்களா சார், இதைத்தான் குழந்தை குடிக்குது!" அந்தப் பழுப்பு உங்க தண்ணியில இருந்தது கிடையாது, அந்தக் கருவியோட இரும்புக் கம்பி கரைஞ்ச துரு. உப்பு இருந்தால் கரண்ட் பாயும், கம்பி கரையும். ஆர்.ஓ. தண்ணியில உப்பு கம்மி, கரண்ட் பாயலை, அவ்வளவுதான். அதுல ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போடச் சொல்லுங்க, அதுவும் கலங்கும்.

மாட்டணுமா வேண்டாமா

டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீர்ல 500 வரைக்கும் ஏற்றது, வேற வழியில்லைன்னா 2000 வரைக்கும் அனுமதி. 200, 300 காட்டுற ஆத்துத் தண்ணிக்கு ஆர்.ஓ. மாட்டுறது நல்லதண்ணிக் கிணத்துல இறைச்சு முக்கால்வாசியைக் கீழே ஊத்துற மாதிரி. அதுக்குக் கொதிக்க வைக்கிறதோ, புற ஊதா மெஷினோ போதும். ஆனா இந்த மீட்டர் உப்பைத்தான் மொத்தமாக் காட்டும். கிருமியைக் காட்டாது, ஃபுளோரைடு எவ்வளவுன்னு தனியாச் சொல்லாது. அதுக்கு ஒரு தடவையாவது ஆய்வகத்துல கொடுத்துப் பார்க்கணும்.

2019 மே மாசம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், 500க்குக் கீழே இருக்கிற இடங்கள்ல ஆர்.ஓ.வைத் தடை செய்யவும், மத்த இடங்கள்ல 60 சதவீதத் தண்ணியாவது பயனுக்கு வரும்படி செய்யவும் விதி கொண்டுவரச் சொல்லி அமைச்சகத்துக்கு உத்தரவு போட்டது. இழுத்து இழுத்து 2023 நவம்பரில் விதிகள் வந்தன. விதி வந்தாலும் நம்ம அடுப்படிக்குள்ள வந்து எந்த அதிகாரியும் மீட்டர் வச்சுப் பார்க்கப் போறதில்லை, நாமதான் பார்க்கணும்.

எனக்கு இந்த வரலாறு சொல்ற விஷயம் இதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரியில் நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு. பல்லும் எலும்பும் பாழாகிற தண்ணி. அதுக்கு வீட்டுக்கு வீடு பெட்டி மாட்டச் சொல்லியிருந்தால் காசு இருக்கிறவன் மட்டும் தப்பிச்சிருப்பான். ஒகேனக்கல்லேருந்து காவிரித் தண்ணியைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் திறந்தாங்க. அது பெட்டி வாங்க முடியாதவங்களையும் நினைச்சுப் போட்ட திட்டம். கோலிங்காவுக்குக் கால்வாய் செஞ்சதும் இதையேதான்.

நல்லதண்ணிக் கிணறு ஊருக்குப் பொது. ஊருணி பொது. அதுல ஒருத்தன் கால் கழுவினால் நாலு பேர் கேட்பாங்க. அடுப்படிப் பெட்டி அவனவன் சொந்தம். அதைக் கேக்க ஆளில்லை. அது வந்தப்புறம் குழாய்ல உப்பா வந்தால் கூட யாரும் வார்டு கவுன்சிலர்கிட்டப் போய் நிக்கறதில்லை, மெம்பரேனை மாத்த போன் போடுறோம். போன் போட முடியாதவங்க, பக்கத்துத் தெருவுல அதே உப்புத்தண்ணியைக் குடிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க.

உங்க போர் 1500 காட்டுதுன்னா தாராளமா மாட்டுங்க, நானும் மாட்டியிருக்கேன். கூடவே ஒரு டிரம்மையும் வைங்க, மொட்டைமாடி மழைத்தண்ணி போரைச் சுத்தி இறங்குதான்னும் ஒரு எட்டு பாருங்க. அடுத்த அசோசியேஷன் மீட்டிங்குல பார்க்கிங் சண்டை முடிஞ்சதும், நம்ம தெருவுக்குக் கார்ப்பரேஷன் குழாய் எப்ப வரும்னு ஒருத்தராவது எழுந்து கேளுங்க.